சோலைவரி

நுவரெலியாவில் சட்டத்தரணியின் மாடி அறை.
ஆறு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது ஐந்து பேர்.
லீசிங் கம்பனி பண்டார, ஹெல்மட் மடியில்.
உரக்கடைப் பாக்கிக்கு நிஸ்தார் ஹாஜியார்.
சீட்டுப் பிடித்த மேரி ஜொசலின்.
வங்கியிலிருந்து, முகம் மனதில் நிற்காத ஒரு பையன்.
பிறகு என் மச்சான் தேவசகாயம்;
வட்டி கேட்காமல் தந்தவர்,
அதனால் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தவர்.

லிகிதர் சுபாங்கி வாசித்தாள்.
ரூபாவுக்கு நாற்பத்தொரு சதம். ஐந்து வருசம்.
மாதம் பத்தாம் திகதிக்குள்.
மிச்ச ஐம்பத்தொன்பது சதத்தையும்
எல்லாரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றபோது
ஹாஜியார் கூரையைப் பார்த்தார்.
அங்கே ஒரு நீர்க்கறை மட்டும் இருந்தது.

"வேற ஏதும் இருக்கா அக்கா?
இப்பச் சொல்லாட்டி பிறகு சேர்க்க ஏலாது."

கைப்பையில் மூன்று மண்ணிற உறைகள்.
கந்தப்பளைக் கடையில் தராசு ஒரு பக்கம் சாய்கிறதென்று
இரண்டு வருசம் அதன் காலுக்கு
முட்டுக் கொடுத்து வைத்தவை.
நேற்று ராத்திரிதான் கிழித்தேன்.

நான் கணக்குக் காட்டாததால்
இறைவரித் திணைக்களமே கணித்திருந்தது.
கரட் கிலோ ஐந்நூறுக்குப் போன மாதத்தைப் பிடித்து
பன்னிரண்டால் பெருக்கி
டனபாக்கியம் என்று ஒருத்தியை உண்டாக்கியிருந்தது.
நான் தனபாக்கியம்.
அவளுடைய லொறி டீசல் வரிசையில் நின்றதில்லை.
அவளுடைய லீக்ஸ் நானுஓயாச் சந்தியில் மூன்று நாள் வெந்து
பலகை இடுக்கால் மஞ்சளாய் வடிந்ததில்லை.
லாபம் பார்த்திருக்கிறாள், நன்றாகத் தூங்கியும் இருப்பாள்.
அவளுக்கு வரி போட்டது நியாயம்தான்.
விலாசம் மட்டும் என்னுடையது.

உறைகளை மேசையில் வைத்தேன்.
சுபாங்கி மறுபடி கணக்கிட்டாள்.
கல்குலேட்டர் சத்தம்தான் கொஞ்ச நேரம்.
முப்பத்துமூன்று சதம்.

"வராதவனுக்கும் பங்கா?" என்றாள் மேரி ஜொசலின்
ஆறாவது நாற்காலியைக் காட்டி.
அவளுடைய எட்டுச் சதத்தை
நான் அவள் கையிலிருந்தே பிடுங்கியது போலிருந்தது.
பண்டார சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
ஹாஜியார் கூரையிலிருந்து இறங்கினார்.
"எழுதுங்க புள்ள.
எழுதாட்டி ரெண்டு வருசத்துல அவன் வந்து லொறியப் பிடிப்பான்.
லொறி இல்லாட்டி நமக்கு முப்பத்துமூணும் இல்ல."

மச்சான் தலையை மட்டும் ஆட்டினார்.
திணைக்களத்துக்கு எழுத வேண்டும், பதில் வர வேண்டும்.
டனபாக்கியத்தின் பெயருக்குத்தான் வரும்.

கடைசி உறைக்குள் மடிந்து கிடந்தது இன்னொரு தாள்:
பிரதேச சபை, கடைக்குச் சோலைவரி,
இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது ரூபா.
வங்கிப் பையன்கூடச் சிரித்துவிட்டான்.
கடைக்குப் பின்னால் தகரக் கக்கூஸ் ஒன்று,
உடைந்த கூடைகள், வழுக்கும் மண்.
கொய்யாக் கன்றுகூடக் கிடையாது.
ஆனாலும் யாரோ ஒரு காலத்தில்
இந்த வரிக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

"இதை இப்பவே கட்டிடுறேன்" என்று காசை எடுத்தேன்.
இத்தனை கடனில் ஒன்றையாவது
முழுசாய்க் கொடுத்தவளாக இருக்க ஆசை.
சுபாங்கி தாளின் மேல் கை வைத்தாள்.
"ஏலாது அக்கா. ஒராளுக்கு மட்டும் முந்திக் குடுத்தா
மத்தவங்களுக்குச் செய்யிற துரோகம்."

அதுவும் வரிசையில் நின்றது, எல்லாருக்கும் பின்னால்.
மாதம் பதினைந்து ரூபா பதினெட்டுச் சதம், அறுபது மாதம்.
பதினெட்டுச் சதத்தை
நான் எந்தக் கடையில் போய் மாற்றுவேன்?

மறுநாள் காலை கோவா நிறுத்தபோது
தராசு நூறு கிராம் பொய் சொன்னது.
உறைகள் சுபாங்கியின் கோப்பில்.
வெளியே போய் ஓட்டுத் துண்டு ஒன்று பொறுக்கி வந்து
காலைத் தூக்கி வைத்தேன்.
முள் ஆடி ஆடி
பூச்சியத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றது.